மும்பையில் காமிக்ஸ் ஓவியர் ஆசிரியரானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் படம் வரைகிற தமிழ்ப் பிள்ளைகளும், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு இங்கே ரயிலேறி வருகிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. குழந்தைகள் பத்திரிகைகளுக்குப் பல வருடம் பக்கம் வரைந்துவிட்டு, இப்போது மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து அனுப்புகிற நாற்காலியில் இருக்கிறேன். எழுத்தாளராக இருந்து ஆசிரியரானவரைக் கேட்டால் இதில் பாதிக்கு வேறு பதில் சொல்வார்.

அக்கா, காமிக்ஸ் ஆசிரியர்னா கடைசியில புரூஃப் பார்க்கிறவர்தானே?

புரூஃப் கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. கதைச்சுருக்கம், ஸ்கிரிப்ட், தம்ப்நெயில் (பக்கத்தின் குட்டி முன்வரைவு), பென்சில், இங்க், வண்ணம், லெட்டரிங் (பலூனுக்குள் வசனம் எழுதுவது), அச்சுக்குப் போகும் கோப்பு என்று ஒரு பக்கம் பல கை மாறுகிறது. எழுத்தாளர் புனேயில் இருப்பார், பென்சில் போடுகிறவர் டோம்பிவிலியில், வண்ணம் கொல்கத்தாவில். கல்யாண வீட்டுச் சமையல் மேஸ்திரி கரண்டி பிடிப்பது குறைவு; எந்த அடுப்பில் எது கொதிக்கிறது, எதை இறக்கினால் எதை ஏற்றலாம் என்பது அவர் தலையில் இருக்கும். ஆசிரியர் வேலையில் பாதி அதுதான்.

மீதிப் பாதி, கதை படத்தில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. "ராஜு கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் பொத்தென்று விழுகிறான்" என்று ஒரே பேனலுக்கு, அதாவது பக்கத்தில் ஒரே கட்டத்துக்கு, எழுதி வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பேனலுக்குள் ஒருவன் ஒரு காரியம்தான் செய்ய முடியும். இதில் மூன்று இருக்கிறது. ஓவியர் மேசைக்குப் போகும் முன்பே இதைப் பிடித்து, மூன்றில் கதைக்கு எது வேண்டும் என்று எழுத்தாளரிடம் கேட்பவர்தான் ஆசிரியர். விட்டுவிட்டால் ஓவியர் தனக்குப் பட்டதை வரைவார், எழுத்தாளர் முகம் சுளிப்பார், பக்கம் திரும்பி வரும். அந்த நாள் உழைப்புக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

எழுதறவங்கதானே ஆசிரியர் ஆவாங்க? ஓவியருக்கு அங்க என்ன இருக்கு?

பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் காமிக்ஸ் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் சிலவற்றை ஓவியர்கள்தான் ஆசிரியராக இருந்து செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டிசி நிறுவனத்தின் கார்மைன் இன்ஃபான்டினோ நல்ல உதாரணம். 1956-ல் ஃப்ளாஷ் பாத்திரத்துக்குப் புது உருவம் கொடுத்தவர், 1964-ல் பேட்மேனின் தோற்றத்தை மாற்றியவர். விற்பனை சரிந்த காலத்தில் நிறுவனம் அவரிடம் அட்டைப்படங்களை வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. 1967-ல் ஆசிரியர் குழுவுக்கே தலைவரானார், 1971-ல் பதிப்பாளர். அவர் செய்த முக்கியமான காரியம், தன்னைப் போன்ற ஓவியர்களையே ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது: ஜோ ஆர்லாண்டோ, ஜோ க்யூபர்ட், டிக் ஜியோர்டானோ. ஆர்லாண்டோ கைக்கு வந்த பிறகுதான் டிசியின் திகில் இதழ்களுக்கு மறுபடி உயிர் வந்தது. 1976-ல் இன்ஃபான்டினோவை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்காலியின் இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிற்காலத்தில் மார்வெலில் ஜோ கெசாடா. அவரும் ஓவியர். 2000 முதல் 2011 தொடக்கம் வரை தலைமை ஆசிரியராக இருந்தார்.

ஓவியருக்கு அங்கே என்ன இருக்கிறது என்றால், தம்ப்நெயிலைப் படிக்கிற கண் இருக்கிறது. தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் குச்சிக் குச்சியாக மனிதர்களை வரைந்து அனுப்புவார்கள். எழுத்தாளராக இருந்தவருக்கு அது கிறுக்கல். "முடிந்த பிறகு பார்க்கலாம்" என்பார். ஓவியருக்கு அதிலேயே பக்கம் தெரியும். 2-வது பேனலில் இடமிருந்து வலமாக ஓடியவன் 3-வதில் வலமிருந்து இடமாக ஓடுகிறான், படிப்பவருக்கு அவன் திரும்பி வருகிற மாதிரி இருக்கும் என்று அப்போதே சொல்லிவிடலாம். அந்தக் கட்டத்தில் மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். இங்க் போட்ட பிறகு ஒரு நாள்.

ஆசிரியர் ஆனதும் மத்தவங்க படத்துல நாமளே கை வைக்கலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பதில்: உங்களால் முடியும், அதனாலேயே கூடாது.

எழுத்தாளராக இருந்த ஆசிரியருக்கு இந்தச் சபலமே வராது, அவருக்கு வரையத் தெரியாது. நமக்கு ஸ்டைலஸ் பக்கத்திலேயே இருக்கிறது. நேரமோ ராத்திரி பத்து, காலையில் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும், அந்தக் கை கோணலாக இருக்கிறது, நாம் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். செய்தால் அந்தப் பக்கம் தேறும். அந்த ஓவியர் அடுத்த மாதமும் கோணல் கைதான் அனுப்புவார், எப்படியும் நீங்கள் சரிசெய்வீர்கள் என்று தெரியும். ஒரு வருடத்தில் பத்திரிகை முழுக்க உங்கள் கையெழுத்து மாதிரி இருக்கும். ஐந்து ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரே ஓவியரின் பத்திரிகையை நடத்துவது என்ன கணக்கு?

சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1970-ல் ஜாக் கிர்பி டிசிக்கு வந்து, சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சன் இதழை வரைந்தார். காமிக்ஸ் உலகில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று பேர் வாங்கியவர். அவர் வரைந்த சூப்பர்மேன் முகம் நிறுவனத்தின் வழக்கமான முகம் மாதிரி இல்லை என்று, முதலில் அல் பிளாஸ்டினோவையும் பிறகு மர்ஃபி ஆண்டர்சனையும் வைத்து முகங்களை மட்டும் மாற்றி வரைய வைத்தார்கள். அப்போது ஆசிரியர் குழுவின் தலைவர் யார்? ஓவியர்களுக்கு மதிப்புக் கொடுத்த அதே இன்ஃபான்டினோ. உடம்பு கிர்பி, தலை இன்னொருவர். இன்றும் ரசிகர்கள் அதை எடுத்து வைத்துத் திட்டுகிறார்கள்.

ஹார்வி குர்ட்ஸ்மன் வேறு வகை. 1952-ல் மேட் என்ற நகைச்சுவைப் பத்திரிகையைத் தொடங்கிய ஓவியர்-ஆசிரியர். ஒவ்வொரு பக்கத்துக்கும் தானே லே-அவுட் போட்டுக் கொடுத்து, அதன்படியே வரையச் சொல்வார். சில ஓவியர்களுக்கு அது மூச்சு முட்டியது. ஆனால் வில் எல்டர் அந்த லே-அவுட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னணியில் சுவர், போஸ்டர், ஜன்னல் என்று கிடைத்த இடமெல்லாம் தன் சொந்த ஜோக்குகளைத் திணித்தார். ஸ்கிரிப்டில் இல்லாத அவற்றை குர்ட்ஸ்மன் அழிக்கவில்லை. மேட் மேடானதில் அந்தப் பின்னணிக்குப் பெரிய பங்கு. அவ்வளவு பிடிவாதக்காரரே அழிக்காமல் விட்டாரே என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

அப்ப திருத்தம் எப்படிச் சொல்றது?

வாசகருக்கு என்ன சிக்கல் என்று சொல்லுங்கள், தீர்வை ஓவியரிடம் விடுங்கள். "கேமராவை மேலே தூக்கு" என்று சொல்லாதீர்கள். "இதில் பேசுவது அம்மாவா பாட்டியா என்று எனக்குப் பிடிபடவில்லை" என்று சொல்லுங்கள். நீங்கள் நினைத்ததைவிட நல்ல வழி அவருக்குத் தோன்றலாம். எனக்குப் பல முறை அப்படி நடந்திருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்திருக்கிறது.

கட்டாயம் மாற்ற வேண்டியதையும் உங்கள் ருசியையும் ஒரே மின்னஞ்சலில் கலக்காதீர்கள். கலந்தால் ஓவியர் இரண்டையும் ருசி என்றே எடுத்துக்கொள்வார். கட்டாயம் என்பதற்கு ஓர் உதாரணம்: கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் ஒரு முகம் சரியாக விழவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். அப்போது முந்தானை தோள் மாறும், வாட்ச் கை மாறும், புராணக் கதை என்றால் ரிஷியின் பூணூல் வலத் தோளுக்குப் போய்விடும். வலத் தோளில் போட்டால் அவர் திவசம் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். குழந்தைக்குத் தெரியாது, அந்தக் குழந்தையின் தாத்தாவுக்குத் தெரியும். கடிதம் எழுதுபவரும் அவர்தான்.

பெரிய திருத்தம் எல்லாம் தம்ப்நெயிலிலேயே. பென்சிலில் நடிப்பும் முகபாவமும். இங்க் வந்த பிறகு தப்பு இருந்தால் மட்டும் பேசுங்கள், "இப்படி இருந்தால் இன்னும் நல்லா இருக்குமே" என்பதை விழுங்கிவிடுங்கள்.

இந்தியாவுல ஓவியரா இருந்து ஆசிரியர் ஆனவங்க யாராவது உண்டா?

கேலிச்சித்திரத்தையும் சேர்த்தால் முதலில் டெல்லிக்குப் போக வேண்டும். கே. சங்கர் பிள்ளை, காயங்குளத்துக்காரர், ஹிந்துஸ்தான் டைம்ஸில் கார்ட்டூனிஸ்ட். 1948-ல் சங்கர்ஸ் வீக்லி தொடங்கினார். அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன், குட்டி, ரங்கா என்று ஒரு தலைமுறையே அந்தப் பத்திரிகை வழியாக வந்தது. நெருக்கடி நிலை வந்த 1975-ல் பத்திரிகையை மூடினார். இடையில் 1957-ல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டைத் தொடங்கியிருந்தார். தன் படத்துக்காக மட்டும் பத்திரிகை நடத்தாதவர் என்பதற்கு அந்தப் பெயர் வரிசையே போதும்.

பம்பாய்க் கதை நமக்குக் கொஞ்சம் கசக்கும். இங்கே ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் பால் தாக்கரேயும் ஆர்.கே. லக்ஷ்மணும் ஒரே காலத்தில் கார்ட்டூனிஸ்ட்டுகள். லக்ஷ்மண் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்குப் போய் கடைசிவரை கார்ட்டூனிஸ்ட்டாகவே இருந்தார். தாக்கரே 1960-ல் மார்மிக் என்ற மராத்தி வாரப் பத்திரிகையைத் தொடங்கி ஆசிரியரானார். அதில் கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அச்சாயின. 1966-ல் சிவசேனா பிறந்தது. மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பட்டியல்கள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர் நாற்காலி சின்ன நாற்காலி என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

காமிக்ஸுக்கு வருவோம். 1967-ல் அமர் சித்திர கதாவைத் தொடங்கிய அனந்த் பை ஓவியர் கிடையாது, ரசாயனம் படித்தவர். ஆனால் ஓவியர்களைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவர்: ராம் வாயிர்கர், பிரதாப் முல்லிக், திலீப் கதம். ஆசிரியர் குழுவில் ஆரம்ப காலத்திலேயே கமலா சந்திரகாந்த் இருந்தார்; பெண்களுக்கு இந்த வேலை சரிவருமா என்று அம்மாக்கள் கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அதே குழுமத்தின் குழந்தைகள் இதழான டிங்கிள் 1980-ல் வந்தது. அதில் ஷிகாரி ஷம்பு என்ற பாத்திரத்தை வசந்த் ஹல்பேக்குப் பிறகு வரைந்த சாவியோ மஸ்கரேனஸ் பின்னர் கலை இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். ஓவிய மேசையிலிருந்து மேலே ஏற நம் ஊரில் இருக்கிற உண்மையான ஏணி பெரும்பாலும் அதுதான்: முதலில் கலை இயக்குநர். அங்கிருந்து ஆசிரியர் குழுவுக்குள் போவது உங்கள் பேச்சையும் படிப்பையும் பொறுத்தது.

ஆசிரியருக்கு என்ன பேர் கிடைக்கும்? படம் போட்டவங்க பேர்தானே நிக்குது?

ஆமாம், அவர்கள் பேர்தான் நிற்கும். சுப்பாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் டிங்கிளுக்கு எழுதி அனுப்பிய கதைகளில் வந்தவன் அவன். 1983-ல் அச்சேறினான். ராம் வாயிர்கர் கொடுத்த அந்த நீள மண்டையும் அசட்டுச் சிரிப்பும் ஊரெல்லாம் பரவியது. அவர் 2003-ல் மறைந்த பிறகு மகள் அர்ச்சனா அம்பேர்கர் வரைந்தார். வாசகர் கடிதக் குவியலில் அந்த உறையைப் பிரித்து, இவன் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறவன் இல்லை, மாதா மாதம் வர வேண்டியவன் என்று கண்டுகொண்டது ஆசிரியர் குழு. எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்த அளவு மறைவு பிடிக்காது என்றால் வரைந்துகொண்டே இருங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

வரையறதை விட்டுடணுமா?

வேண்டாம். டிக் ஜியோர்டானோ 1980-களில் டிசியின் செயல் ஆசிரியராக இருந்துகொண்டே மற்ற ஓவியர்களின் பென்சிலுக்கு இங்க் போட்டுக்கொண்டிருந்தார். வாட்ச்மென், டார்க் நைட் ரிட்டர்ன்ஸ் என்ற காமிக்ஸ் தொடர்கள் இரண்டும் 1986-ல் வெளிவரத் தொடங்கியது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். ஜோ க்யூபர்ட் போர்க்கதை இதழ்களுக்கு ஆசிரியராகவும் ஓவியராகவும் இருந்தார்; கதை முடிகிற இடத்தில் போர் இனி வேண்டாம் என்று பொருள்படும் ஒரு வட்ட முத்திரையைச் சேர்த்தார். போர்க்கதை விற்றுக்கொண்டே அதைச் செய்ய ஆசிரியர் அதிகாரம் வேண்டும்.

ஆனால் உங்கள் சொந்தப் பக்கத்தை உங்கள் பத்திரிகையில் நீங்களே பார்த்து நீங்களே சரி சொல்லாதீர்கள். வேறொருவரிடம் கொடுங்கள். அவர் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்தில் வரைய நேரம் கிடைக்காது. ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுக்கலாம். சி.எஸ்.எம்.டி.யில் ஏறினால் கிடைக்கும், குர்லாவில் ஏறினால் கிடைக்காது.

ஜே.ஜே. ஸ்கூல்ல படிச்சிருக்கணுமா?

மும்பையின் ஓவியக் கல்லூரி அது, படித்தால் நல்லது. நல்ல நூலகம், நல்ல சகவாசம். லக்ஷ்மணை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை என்பது ஊரறிந்த கதை. எனக்கு போர்ட்ஃபோலியோ வந்தால் சான்றிதழ் பக்கத்தை நான் திறப்பதில்லை.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. மராத்தியும் தெரியாது. முடியுமா?

மும்பையில் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும், கூட்டத்தில் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து ஓடும், அச்சகத்தில் மராத்தி. ஓவியராக மட்டும் இருந்தால் அரைகுறை மொழியில் ஓட்டிவிடலாம், படம் பேசிவிடும். ஆசிரியருக்கு அது நடக்காது. ஒருவர் மனம் நோகாமல் "இது வேண்டாம்" என்று சொல்கிற அளவுக்கு ஒரு மொழி கைவசம் இருக்க வேண்டும். அது இந்த ஊரில் ஹிந்தியாக இருந்தாலும் போதும்.

தமிழ் தெரிவது பலமாகிற இடம் ஒன்று உண்டு. இங்கிலீஷ் பக்கத்தைத் தமிழில் போடும்போது பலூனுக்குள் எழுத்து அடங்காது. நம் சொற்கள் நீளம், நடுவில் உடைத்தால் அசிங்கமாக இருக்கும், மேலே சுழியும் கீழே வளைவும் இருப்பதால் வரிகளுக்கு நடுவில் அதிக இடம் வேண்டும். கத்துகிற வசனத்துக்கு இங்கிலீஷ்போலப் பெரிய எழுத்து நம்மிடம் இல்லை, தடிமனாக்கித்தான் காட்ட வேண்டும். தமிழிலும் வரப்போகிற கதை என்றால் தம்ப்நெயிலிலேயே பலூனுக்குக் கூடுதல் இடம் விடச் சொல்வேன். ஒரு பேனலுக்கு இருபது, இருபத்தைந்து தமிழ்ச் சொல்லுக்கு மேல் வந்தால் எழுத்தாளரை அழைப்பேன். லெட்டரிங் மென்பொருளில், நம் எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற வேர்ல்டு-ரெடி அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் சிதறிப் போகும். அதை இங்கே கண்டுபிடிக்க அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும்.

சம்பளம் எப்படி, அக்கா?

ஓவியருக்குப் பக்கக் கணக்கு, ஆசிரியருக்கு மாதச் சம்பளம். நல்ல வேகமுள்ள ஓவியர் நல்ல மாதத்தில் ஆசிரியரைவிட அதிகம் சம்பாதிப்பார். மோசமான மாதம் என்று ஒன்று வரும்போதுதான் பலருக்கு ஆசிரியர் வேலை மேல் ஆசை வருகிறது. அது தப்பான காரணம் இல்லை. வாடகை வாடகைதான், அதிலும் இந்த ஊர் வாடகை.

ஒப்பந்தத்துல என்ன பார்க்கணும்?

இங்கே நிதானமாகப் படியுங்கள். நாளைக்கு நீங்கள் ஆசிரியரானால் இதே தாளை இன்னொருவர் முன் நீட்டப்போவது நீங்கள்தான்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் மாதச் சம்பளத்தில் வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கு; பத்திரிகைக்காக வரைந்தது என்றால் பத்திரிகையில் வெளியிடுகிற உரிமை மட்டும். ஃப்ரீலான்ஸாக இருந்து சம்பளத்துக்கு மாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தூங்கிவிடுகிறார்கள். நேற்றுவரை உங்கள் பாத்திரமாக இருந்தவன், வேலைக்குச் சேர்ந்த பிறகு நீங்கள் வரைகிற புதுக் கதைகளில் யாருடையவன்? சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

ஃப்ரீலான்ஸ் வேலையில் உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் அது மாறும், வாய்ப்பேச்சு போதாது. 19-வது பிரிவு சொல்கிறது: எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் கம்பெனித் தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று தவறாமல் இருக்கும். அந்த இரண்டு சொல்லையும் பார்த்த பிறகு, பக்கத் தொகை அதற்கு ஈடாக இருக்கிறதா என்று யோசியுங்கள். அச்சுக்கு மட்டும் கொடுக்கிறீர்களா, அனிமேஷன், பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் சேர்த்தா? உரிமை கொடுத்த பிறகும் 57-வது பிரிவின்படி படைத்தவர் நான்தான் என்று சொல்கிற உரிமை உங்களிடமே இருக்கும். அசல் தாள் யாருக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள். ஐபேடில் வரைகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்க் தொட்டு வரைகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆசிரியராக என் பங்குக்கு ஒன்று: பில் வந்த அன்றே கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன். பக்கத்தைத் திருத்துவதைவிட ஓவியருக்கு இது பெரிய உபகாரம். நான் ஓவியராக இருந்தபோது ஒரு பதிப்பகம் பணத்துக்கு இழுத்தடித்ததை இன்னும் மறக்கவில்லை.

அச்சு வேலை தெரியணுமா?

தெரிந்தே ஆக வேண்டும், ஆனால் அச்சகத்தில் கற்றுக்கொள்ளலாம். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரும். ஒரே தாளில் 16 பக்கம் சேர்த்து அடிக்கிற ஃபாரமாக ஓட்டினால் 32 பக்க இதழுக்கு இரண்டு ஃபாரம். ஒரு பக்கம் கூடினாலும் கதையை வெட்ட வேண்டும், அல்லது விளம்பரத்தை. வெட்டப்படுவது எது என்று சொல்லத் தேவையில்லை. திடுக்கிடும் படத்தை இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள், தாளைப் புரட்டினால்தான் அது கண்ணில் படும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பிளீடு, அதாவது வெட்டுக் கோட்டுக்கு வெளியேயும் நீள்கிற படம், விடச் சொல்லுங்கள். பலூன் எழுத்து தனிக் கருப்பில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையிலும் கலந்து போட்டால் தகடு துளி நகர்ந்தாலும் எழுத்து இரண்டாகத் தெரியும். புரூஃபை உண்மையான அளவில் அச்செடுத்து ரயிலில் படித்துப் பார்ப்பேன். ஆடுகிற பெட்டியில் படிக்க முடிந்தால் சரி.

டெட்லைன்?

அச்சகத் தேதிக்கு முன்னால் ஒரு பொய்த் தேதி வைத்து ஓவியருக்குச் சொல்வது எல்லா ஆசிரியரும் செய்வது. நானும் ஓவியராக இருந்தவள் என்பதால் எது பொய், எது நிஜம் என்று அவர்களும் யூகிக்கிறார்கள். ஜூலை மழையில் தண்டவாளம் மூழ்கி ஊர் நிற்கும், கணபதி பத்து நாள் அச்சகமும் லெட்டரிங் ஆட்களும் பாதி லீவு. தீபாவளி இதழை இவை இரண்டுக்கும் நடுவில்தான் முடிக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்து முதல் வருடம் வேலை பார்க்கிற உதவி ஆசிரியர்கள் ஜனவரியைப் பயப்படுவார்கள், பொங்கல் என்று. இங்கே பயப்பட வேண்டியது ஆகஸ்ட்.

ஏஐ வந்துடுச்சே, இனி எதுக்கு ஓவியர், எதுக்கு ஆசிரியர்?

ஒரு படம் போடுவது வேறு, முப்பது பக்கத்துக்கு ஒரே பையனை ஒரே சட்டையில், பக்கத்துக்குப் பக்கம் வேறு மனநிலையில் நடிக்க வைப்பது வேறு. யார் எதில் வரைந்தார்கள் என்று நான் துப்பறிவதில்லை. தம்ப்நெயில் கேட்பேன், ஏன் இந்தக் கோணம் என்று கேட்பேன். வரைந்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும், சண்டைக்கும் வருவார்.

தமிழ்ல இந்த வேலை கிடையாதா? சிவகாசிக்குப் போயிடலாமா?

சிவகாசியில் 1972 முதல் முத்து காமிக்ஸ், 1984 முதல் லயன் காமிக்ஸ். நான் வளர்ந்ததும் அவற்றைப் படித்துத்தான், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது ஒன்று சிக்கும். ஆனால் அங்கே வருவதில் மிகப் பெரும்பகுதி பிரிட்டிஷ், ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு; ஆசிரியருக்கு அங்கே முக்கிய வேலை தேர்ந்தெடுப்பதும் தமிழாக்குவதும். புதிதாக வரைய வைத்து வெளியிடுகிற இடம் தமிழில் குறைவு. வரைந்து சம்பாதிக்க வேண்டும் என்றால் இப்போதைக்கு மும்பை, டெல்லி, பெங்களூர்தான். கண்ணெதிரே இருக்கிற நிலைமை இது, எனக்கும் இதில் வருத்தம் உண்டு.

வீட்டுல "படம் போட்டா சோறு கிடைக்குமா"ன்னு கேக்குறாங்க.

அச்சான முதல் இதழை, பேர் போட்ட பக்கத்தைத் திறந்து, டீப்பாயில் வையுங்கள். விருந்தாளி வரும்போது அப்பாவே எடுத்துக் காட்டுவார். அதுவரை வாதாடிப் பிரயோஜனம் இல்லை.

ஆசிரியர் வேலைக்கு இப்பவே என்ன செய்யலாம்?

நாலு நண்பர்களைச் சேர்த்து 24 பக்கத்தில் ஒரு கையடக்க இதழ் போடுங்கள். நீங்கள் ஒரு கோடுகூட வரையாதீர்கள். கதை வாங்குங்கள், ஆளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள், தேதி வையுங்கள், ஒருவரிடமாவது "இது வேண்டாம், வேறு கொண்டு வா" என்று சொல்லி அதற்குப் பிறகும் நண்பராக இருக்க முடிகிறதா பாருங்கள். அச்சடித்து காமிக் கான் திருவிழாவிலோ கல்லூரி வாசலிலோ விற்றுப் பாருங்கள். வேலை கேட்டு வரும்போது உங்கள் ஓவியத்தைவிட எனக்கு அந்த இதழ்தான் முக்கியம்.

போர்ட்ஃபோலியோ எப்படி அனுப்பணும்?

பத்துப் பக்கம் போதும், தனிப் படங்கள் வேண்டாம், தொடர்கதைப் பக்கங்களாக இருக்கட்டும். அதில் ஒன்றாவது சண்டையே இல்லாத பக்கம்: இரண்டு பேர் சமையலறையில் பேசுகிறார்கள், ஒருவர் கோபத்தை மறைக்கிறார், அப்படி ஏதாவது. ஒரே பிடிஎஃப், கோப்பின் பெயரில் உங்கள் பெயர். "ஃபைனல்_ஃபைனல்_2" என்று என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. டிரைவ் லிங்க் அனுப்பினால், யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.